தாங்கல் கரைசல்: ஆய்வகத்தில் மாணவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மேல்நிலை வகுப்பு அயனிச் சமநிலைப் பாடத்தில் தாங்கல் கரைசலுக்கு ஒரு வரி வரையறை வரும்: சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் மதிப்பு பெரிதாக மாறாத கரைசல். எல்லோரும் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் மாறவில்லை, எதுவரை தாங்கும், எப்போது கைவிடும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். நான் கல்லூரி ஆய்வகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், பிஎச் மதிப்பு ஏன் அவ்வளவு சுலபமாக மாறிவிடுகிறது?

தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் மிக மிகக் குறைவு என்பதால்தான். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீரில் இருப்பது ஒரு மோலில் (மோல் என்பது துகள்களை எண்ணும் வேதியியல் அலகு) கோடியில் ஒரு பங்கு. இந்தச் சின்ன எண்களைக் கையாளத்தான் 1909-இல் சோரன்சன் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். இது மடக்கை அளவுகோல்: ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடினால் பிஎச் மதிப்பு ஒன்று குறையும். அவர் கோபன்ஹேகனில், பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நொதி வேலை செய்வதும் முடங்குவதும் கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. அதனால் அதைத் துல்லியமாகச் சொல்ல அவருக்கு ஓர் அளவு தேவைப்பட்டது.

இப்போது ஒரு லிட்டர் தூய நீரில் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரே ஒரு மில்லி லிட்டர் விடுங்கள். உள்ளே போவது ஆயிரத்தில் ஒரு மோல் ஹைட்ரஜன் அயனி. பார்த்தால் சொற்பம். ஆனால் ஏற்கெனவே இருந்தது கோடியில் ஒரு பங்குதானே? ஒரே போக்கில் பத்தாயிரம் மடங்கு ஏறிவிட்டது. பிஎச் மதிப்பு 7-லிருந்து 3-க்கு விழுகிறது.

அதே அமிலத்தைத் தாங்கல் கரைசலில் விட்டால்?

ஒரு லிட்டரில் 0.1 மோல் அசிட்டிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் அசிட்டேட்டும் இருக்கிற கரைசலை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி இதன் பிஎச் மதிப்பு 4.76. அதே ஒரு மில்லி லிட்டர் அமிலத்தை விட்டால் 4.75 ஆகும். அவ்வளவுதான். பத்து மில்லி லிட்டர் விட்டாலும் 4.67-இல் நிற்கும். அமிலத்துக்குப் பதிலாக அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் 4.85. வெறும் நீராக இருந்திருந்தால் அந்தப் பத்து மில்லி லிட்டர் அமிலம் பிஎச் மதிப்பை 2-க்கு இறக்கியிருக்கும், காரம் 12-க்கு ஏற்றியிருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 4.76 என்பது 4.67 ஆகியிருக்கிறது. தாங்கல் கரைசல் பிஎச் மதிப்பை ‘மாற்றாது’ என்று தேர்வில் எழுதுகிறவர்கள் ‘பெரிதாக’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

சேர்த்த அமிலம் எங்கே போகிறது? மறைந்துவிடுகிறதா?

மறையவில்லை. வேறு உருவத்தில் உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஹைட்ரஜன் அயனியைக் கரைசலில் காத்திருக்கும் அசிட்டேட் அயனி பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. பிடித்த அயனியை எளிதில் விடாது. மேலே சொன்ன கலவையில் பத்தாயிரம் அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் ஏறத்தாழ இரண்டுதான் பிரிந்து கிடக்கும். பிஎச் மீட்டர் பார்ப்பது தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே. பிடிபட்டவை அதன் கண்ணில் படுவதில்லை.

காரம் சேர்த்தால் வேலை எதிர்த்திசையில் நடக்கும். ஹைட்ராக்சைடு அயனிக்கு அசிட்டிக் அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது. அது நீராகிறது, இது அசிட்டேட்டாகிறது. ஆக, வாங்கிக்கொள்ள ஓர் ஆள், கொடுக்க ஓர் ஆள், இருவரும் ஒரே கரைசலில் போதுமான அளவில் இருக்க வேண்டும். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். வலிமை குறைந்த காரமும் அதன் உப்பும், உதாரணமாக அம்மோனியாவும் அம்மோனியம் குளோரைடும், இதே வேலையைச் செய்யும்.

‘தாங்கல்’ என்று ஏன் பெயர்?

தாங்குவதால் தாங்கல். ஆனால் எனக்கு இந்தச் சொல் வேறு ஒன்றையும் நினைவுபடுத்தும். வட தமிழ்நாட்டில் சிறிய பாசன ஏரிக்கும் தாங்கல் என்றுதான் பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களிலேயே அது இருக்கிறது. மழை கொட்டும்போது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், வயல் காயும்போது திருப்பிக் கொடுக்கும். வகுப்பில் அசிட்டேட்டையும் அசிட்டிக் அமிலத்தையும் விளக்க இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏரிக்குக் கொள்ளளவு உண்டு என்பதும் சேர்த்தே புரிந்துவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சோடியம் குளோரைடு சேர்த்தால் தாங்கல் கரைசல் ஆகாதா? அதுவும் அமிலமும் உப்பும்தானே?

ஆகாது. குளோரைடு அயனிக்கு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைக்கும் குணமே நீரில் கிடையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடுவதன் காரணமே அதுதான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத கரைசல் அது.

ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு உண்மையில் என்ன சொல்கிறது?

பிஎச் = பிகேஏ + மடக்கை (உப்பு ÷ அமிலம்). பிகேஏ என்பது அந்த அமிலம் எவ்வளவு எளிதில் அயனியை விடும் என்பதைக் காட்டும் எண். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76.

ஹார்வர்டில் இருந்த லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் இரத்தத்தின் கார்பானிக் அமிலத்தை ஆராயும்போது இதன் மூல வடிவத்தை எழுதினார். டென்மார்க்கின் கார்ல் ஹாசல்பால்க் பிறகு அதை மடக்கை வடிவுக்கு மாற்றினார். இரண்டு பேருமே இரத்தத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நாம் தேர்வுக்காக அசிட்டிக் அமிலத்தில் படிக்கிறோம்.

சமன்பாட்டில் இருப்பது விகிதம். உப்பும் அமிலமும் எவ்வளவு இருக்கின்றன என்பது பிஎச் மதிப்பை முடிவு செய்வதில்லை. ஒன்றுக்கு ஒன்று எத்தனை மடங்கு என்பதே முடிவு செய்கிறது. அந்த விகிதமும் மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்பு சொன்ன பத்து மில்லி லிட்டர் அமிலம் விகிதத்தை 0.10 ÷ 0.10 என்பதிலிருந்து 0.09 ÷ 0.11 ஆக்கியது. ஒன்றாக இருந்தது 0.82 ஆயிற்று. 0.82-இன் மடக்கை மைனஸ் 0.09 கூட இல்லை. பிஎச் மதிப்பு அசையாமல் நிற்பதாகத் தோன்றுவதன் கணக்கு இவ்வளவுதான்.

அப்படியானால் அளவுக்கு வேலையே இல்லையா? எவ்வளவு அமிலம் வரை தாங்கும்?

அளவின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. விகிதம் பிஎச் மதிப்பை முடிவு செய்யும். அளவு தாங்கு திறனை முடிவு செய்யும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அதே ஒரு லிட்டர் அசிட்டேட் கரைசலில் தொடர்ந்து அமிலம் சேர்த்துக்கொண்டே போவோம். 0.09 மோல் சேர்த்தபோது அசிட்டேட் 0.01 மோலாகத் தேய்ந்து, அசிட்டிக் அமிலம் 0.19 ஆகியிருக்கும். பிஎச் மதிப்பு 3.48. இன்னும் 0.01 மோல் சேர்த்தால் அசிட்டேட் தீர்ந்தது. பிஎச் மதிப்பு 2.7-க்கு வந்துவிடும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு சொட்டும் அப்படியே சுதந்திர ஹைட்ரஜன் அயனியாக நிற்கும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டைத் திறந்துவைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது கண்ணுக்குத் தெரியும். நெடுநேரம் எண் மெல்ல மெல்ல நகரும். அப்புறம் ஓர் இடத்தில் சரசரவென்று இறங்கும்.

அமிலமும் உப்பும் சம அளவில் இருக்கும்போதுதான் இரண்டு பக்கத் தாக்குதலையும் அதிகபட்சமாகத் தாங்க முடியும். விகிதம் பத்துக்கு ஒன்று என்ற எல்லையைத் தாண்டினால் பெயருக்குத்தான் தாங்கல். எனவேதான் பிகேஏ மதிப்புக்கு ஒன்று கூட, ஒன்று குறைய என்ற எல்லைக்குள் பயன்படுத்தச் சொல்கிறோம். தாங்கு திறனை எண்ணாக அளக்கும் முறையை 1922-இல் டொனால்டு வான் ஸ்லைக் வகுத்தார்.

தண்ணீர் ஊற்றி நீர்த்தால் பிஎச் மதிப்பு மாறுமா?

கிட்டத்தட்ட மாறாது. இரண்டும் ஒரே அளவில் நீர்ப்பதால் விகிதம் அப்படியே இருக்கிறது. ஆனால் திறன் குறைந்துவிடும். பத்து மடங்கு நீர்த்தால் அதே கொள்ளளவில் தாங்கக்கூடிய அமிலமும் பத்தில் ஒரு பங்குதான். மீட்டரில் எண் சரியாக இருக்கிறதே என்று நம்பி மிக நீர்த்த கரைசலைப் பரிசோதனைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறதா?

இருக்கிறது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது இதுதான். நான்கைந்து சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு நீலச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் ஆர்ஓ தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு நீலச் சாறு. இப்போது எலுமிச்சைச் சாற்றை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

ஆர்ஓ தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டிலேயே ஊதா நிறத்துக்குத் திரும்பிவிடும். போர் தண்ணீரில் விழும் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு நொடி ஊதாவாகச் சுழன்று, கலக்கியதும் மறுபடி நீலமாகிவிடும். அடுத்த சொட்டும் அப்படியே. உங்கள் ஊர் நீரின் தன்மையைப் பொறுத்து பத்துச் சொட்டுகள், இருபது சொட்டுகள் என்று போகும். பிறகு ஒரு கட்டத்தில் நீலம் திரும்பி வராது. அந்த ஊதாச் சுழல் மறைவதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, அமிலத்தை யாரோ பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை நான் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

பிடித்துக்கொள்வது பைகார்பனேட் அயனி. மழைநீர் மண்ணிலும் பாறையிலும் இறங்கும்போது கரைத்துக்கொண்டு வருவது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதன் கைவரிசைதான். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுச் செய்யுங்கள். சொட்டுகளை எண்ணிக் கை வலித்துவிடும்.

கடின நீர்ச் சோதனையில் தாங்கல் கரைசல் சேர்க்காவிட்டால் என்ன ஆகும்?

பொறியியல் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் செய்யும் சோதனை இது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு தரம் பார்ப்பது, அதாவது சிறிது சிறிதாக விட்டு அளவு காண்பது. நிறங்காட்டி எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பிலிருந்து நல்ல நீலத்துக்கு மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். குடுவையில் அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசலைச் சேர்த்து பிஎச் மதிப்பை 10-இல் வைத்துக்கொள்கிறோம்.

‘ஆரம்பத்திலேயே கொஞ்சம் காரம் சேர்த்து 10 ஆக்கிவிட்டால் போதாதா சார்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. போதாது. ஈடிடிஏ ஒவ்வொரு கால்சியம் அயனியைப் பிடிக்கும்போதும் தன்னிடமிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. தரம் பார்க்கப் பார்க்கக் குடுவைக்குள் அமிலம் உருவாகிக்கொண்டே இருக்கும். பிஎச் மதிப்பு இறங்கினால் ஈடிடிஏ உலோகத்தைப் பிடிக்கும் பிடியும் தளரும், நிறங்காட்டியின் நிறமும் குழம்பும். வினை நடக்கும்போதே உண்டாகும் அமிலத்தை அவ்வப்போது வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

ஒரு வருடம் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம், வகுப்பில் யாருக்கும் நீலம் வரவில்லை. அழுக்கு ஊதாவிலேயே நின்றது. ஆளுக்கு ஓர் அளவீடு. ஈடிடிஏ சரி, நிறங்காட்டி புதிது. கடைசியில் தாங்கல் கரைசல் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். மூக்கில் ஏற வேண்டிய நெடி இல்லை. மூடி சரியாக இறுகாமல் விடுமுறை முழுக்க அம்மோனியா பறந்துவிட்டிருந்தது. அம்மோனியம் குளோரைடு மட்டும் மிச்சம். வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் ஓடிவிட்டார். 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 142 மில்லி லிட்டர் அடர் அம்மோனியாவில் கரைத்து 250 மில்லி லிட்டருக்கு நிரப்பும் வழக்கமான முறையில் புதிதாகத் தயாரித்தோம். அடுத்த பத்து நிமிடத்தில் நீலம் வந்தது. அன்றிலிருந்து அந்த பாட்டிலின் மூடியை நான்தான் இறுக்குகிறேன்.

நம் இரத்தம் எப்படி 7.4-இல் நிற்கிறது?

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பாடத்தை நேசிக்கிறேன். இரத்தத்தின் பிஎச் மதிப்பு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதன் முக்கியத் தாங்கல் அமைப்பு பைகார்பனேட்டும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும். இந்த ஜோடியின் பிகேஏ 6.1. கவனித்தீர்களா? 7.4 என்பது 6.1-க்கு ஒன்றுக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நாம் இப்போது படித்த விதிப்படி இது மோசமான தேர்வு.

கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் இரத்த பிளாஸ்மாவில் பைகார்பனேட் 24 மில்லி மோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லி மோல். விகிதம் இருபதுக்கு ஒன்று. இருபதின் மடக்கை 1.3. 6.1-உடன் கூட்டினால் 7.4. சரி, இதில் 10 மில்லி மோல் அமிலம் சேர்கிறது என்று வையுங்கள். மூடிய பாட்டிலாக இருந்தால் பைகார்பனேட் 14 ஆகும், கார்பன் டை ஆக்சைடு 11.2 ஆகும். பிஎச் மதிப்பு 6.2. உயிர் மிஞ்சாது.

ஆனால் உடம்பு மூடிய பாட்டில் இல்லை. உண்டான கூடுதல் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியே அனுப்பிவிடுகிறது. அது 1.2-லேயே நின்றால் பிஎச் மதிப்பு 7.17. மூளை அமிலத்தை உணர்ந்து மூச்சை இன்னும் வேகப்படுத்தி, 0.9-க்குக் கொண்டுவந்தால் 7.29. அதே அமிலம், அதே பைகார்பனேட். வித்தியாசம் மூச்சு மட்டுமே. (ஹீமோகுளோபினும் மற்ற புரதங்களும் தாங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் நிலைமை இன்னும் நன்றாகவே இருக்கும்.) செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மெதுவாக, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஈடு செய்கிறது.

சர்க்கரை நோய் கட்டுக்கு மீறிப்போய் இரத்தத்தில் கீட்டோ அமிலங்கள் சேரும்போது நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குவார். நுரையீரலில் கோளாறு இல்லாதபோதும் அப்படி வாங்குவார். விகிதத்தைக் காப்பாற்ற உடம்பு படும் பாடு அது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை.

கடலும் தாங்கல் கரைசல் என்கிறார்களே?

ஆமாம், அதே பைகார்பனேட்–கார்பனேட் குடும்பம். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 8.2. இப்போது ஏறத்தாழ 8.1. வித்தியாசம் 0.1 தானே என்று தோன்றும். மடக்கை அளவுகோல் என்பதை மறக்காதீர்கள்: ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன. கூடவே, தாங்கும்போது செலவாவது கார்பனேட் அயனி. பவளமும் சிப்பியும் ஓடு கட்டத் தேவைப்படுவதும் அதே அயனிதான்.

எனக்கு பிஎச் 5.0 உள்ள தாங்கல் கரைசல் வேண்டும். எப்படித் தயாரிப்பது?

முதலில் 5-க்கு அருகில் பிகேஏ உள்ள அமிலத்தைத் தேடுங்கள். அசிட்டிக் அமிலம் இருக்கிறது. வித்தியாசம் 0.24. மடக்கை 0.24 ஆக வேண்டுமென்றால் உப்பு, அமிலத்தைப் போல் 1.74 மடங்கு இருக்க வேண்டும். 0.1 மோலார் சோடியம் அசிட்டேட் 63.5 மில்லி லிட்டரும், 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 36.5 மில்லி லிட்டரும் கலந்தால் 100 மில்லி லிட்டர் கிடைக்கும். உப்பு கையில் இல்லையென்றால் அசிட்டிக் அமிலத்திலேயே அளவாகச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தும் செய்யலாம். பாதி அமிலத்தை நடுநிலையாக்கினால் பிஎச் மதிப்பு பிகேஏ மதிப்புக்கே வந்து நிற்கும்.

கலந்ததும் மீட்டரில் கட்டாயம் பாருங்கள். சம அளவில் 0.1 மோலார் கலவை கணக்கில் 4.76 என்றாலும் மீட்டர் 4.65 அளவில் காட்டும். உங்கள் கை தவறவில்லை. அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதை எளிய சமன்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

7-க்கு அருகில் வேண்டுமென்றால் பாஸ்பேட் ஜோடி, பிகேஏ 7.2. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் டிரிஸ் என்ற வலிமை குறைந்த காரம் அதிகம் பயன்படும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிரிஸ் வெப்பநிலைக்கு நன்றாகவே அசையும், ஒரு டிகிரிக்கு 0.028 வீதம். 25 டிகிரியில் 8.0-க்குச் சரிசெய்த கரைசலைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்துப் பயன்படுத்தினால் அது 8.6 பக்கம் போயிருக்கும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பநிலையில் சரிசெய்யுங்கள்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அதோடு வரும் பிஎச் 4, 7, 9.2 தாங்கல் கரைசல் பாட்டில்களை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பாட்டிலில் போட்டிருக்கும் தேதி மூடியைத் திறக்கும் வரைக்கும்தான். திறந்தபின் 9.2-ஐத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அது போராக்ஸ் கரைசல், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்லக் கீழே இறங்கும். தாலேட் உப்பில் செய்த 4-இல் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பஞ்சு போல மிதப்பது தெரியும். தேவையான அளவைச் சிறிய பீக்கரில் ஊற்றி மின்முனையை அதில் முக்குங்கள். முக்கியதை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து ஊற்றும் அந்த இருபது மில்லி லிட்டர் பாட்டில் முழுவதையும் கெடுத்துவிடும்.